புகார் பெரியம்மாவும் இருபத்து மூன்று குற்றவாளிகளும்

இருபத்திரண்டு வருடம் மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுத்தவள் அவள். ஊரில் எங்கே விளக்கு அணைந்தாலும் முதல் திட்டு அவளுக்குத்தான். "தூங்குறீங்களா அங்க?" என்று ஆரம்பித்து அவள் வம்சம்வரை போய் வருவார்கள். அவளுக்குக் காது புளித்துப் போனதே தவிர, கோபம் வந்ததில்லை. அவளிடம் இருந்தது மூன்றே வாக்கியம். "சொல்லுங்க." "எப்பலேருந்து?" "எழுதிக்கிட்டேன், நம்பரைக் குறிச்சுக்குங்க." நம்பரைக் கேட்டதும் கத்திக்கொண்டிருந்த மனிதர் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடுவார். கரண்ட் என்னவோ மூன்று மணி நேரம் கழித்துத்தான் வரும்.

பிறகு ஒருநாள் அலுவலகத்தில் இயந்திரக் குரலை வைத்தார்கள். ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும். அவளுக்கு ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் வீட்டில் உட்கார்ந்தவள் பழக்க தோஷத்தை விடவில்லை. கடிகாரம் பழுது பார்க்கும் வீட்டுக்காரர் "தலை வலிக்குது" என்றால் "எப்பலேருந்து?" என்பாள். "சாப்பாட்டுல உப்பு இல்லை" என்றால் "எழுதிக்கிட்டேன்" என்பாள். மனிதர் இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தார். அந்த மழைக்காலத்தில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊரின் வடக்குப் பாதியை வாரிக்கொண்டு போனபோது, முகாமில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற அறிவிப்பைக் கத்தரித்துக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தவர் அவர்தான்.

"உனக்குத் தோதான வேலை" என்றார். அவருக்குத் தோதானது என்பதைச் சொல்லவில்லை.

ஐந்து நாள் பயிற்சி. நடத்தியவர் ஒரு மனநல ஆலோசகர். அவள் வயதுதான் இருக்கும், கழுத்தில் விசில், முகத்தில் தூக்கம் போதாத கண். குழந்தைகளை அழாதே என்று சொல்லக்கூடாது. என்ன நடந்தது என்று தோண்டித் துருவக்கூடாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லக்கூடாது. காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கவே கூடாது. தினமும் அதே நேரம், அதே இடம், அதே முகம் இருக்க வேண்டும். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

முகாம் இருந்தது உள்விளையாட்டு அரங்கத்தில். தரையில் பூப்பந்து ஆடுகளங்களின் கோடுகள். நூற்றுப் பத்துக் குடும்பங்கள் அந்தக் கோடுகளையே சுவராக வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தின. மூலையில், நடுவர் உட்காரும் உயர நாற்காலிக்குக் கீழே, குழந்தைகளுக்கான இடம்: இரண்டு பாய், ஒரு பெட்டி கிரேயான், நான்கு பந்து, ஐந்து முகங்கள் வரைந்த ஓர் அட்டை. காலையில் வரும் பிள்ளை இன்றைக்குத் தன் மனசு எந்த முகம் என்று தொட்டுக் காட்ட வேண்டும். அழுகிற முகத்தைத் தொட்டால் புதுக் கிரேயானோடு அவள் பக்கத்தில் உட்காரலாம் என்பதைப் பிள்ளைகள் அரை நாளில் மோப்பம் பிடித்துவிட்டார்கள். இரண்டாம் நாள் வரிசையாக வந்த அத்தனை பேரும் காதுவரை சிரித்துக்கொண்டே அழுகிற முகத்தைத் தொட்டார்கள். அவள் அட்டையைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள்.

அன்று மத்தியானம் ஒரு பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"பெரியம்மா, பக்கத்து வீட்டு அண்ணன் எங்க கோட்டைத் தாண்டிக் காலை நீட்டுறான்!"

யோசிக்காமலேயே அவள் வாய் சொன்னது: "எப்பலேருந்து?"

அவன் திகைத்தான். இப்படி யாரும் கேட்டதில்லை. விரல் விட்டு எண்ணினான். "முந்தாநேத்துலேருந்து."

"எழுதிக்கிட்டேன். உன் நம்பர் ஒண்ணு. நாளைக்குப் பதில் வரும்."

அவன் நம்பரை உள்ளங்கையில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலத்துக்குள் வால் போல ஒரு வரிசை நின்றது.

பெரியவர்களுக்கென்று அங்கே ஏற்கெனவே ஒரு புகார்ப் பெட்டி இருந்தது. பூட்டியிருந்தது. சாவி முந்தைய அதிகாரியோடு மாற்றலாகிப் போய்விட்டது. ஜனங்கள் அதில் டீ குடித்த காகிதக் கோப்பையைத் திணித்துவிட்டுப் போவார்கள். குழந்தைகளின் நோட்டு அப்படியில்லை. வந்த நாள், மணி, விஷயம், பதில் என்று நான்கு கட்டம். எந்தப் புகாருக்கும் மறுநாளே பதில், முடியாது என்பதானாலும் சரி. "தம்பி பிறந்திருக்கவே கூடாது" என்றது ஏழாம் புகார். "பரிசீலித்தோம், திருப்பி அனுப்ப வழியில்லை" என்று பதில் போனது. "எதிர்க்களத்து மாமா குறட்டை" என்பதற்கு அவளே நேரில் போய் மாமாவை ஒருக்களித்துப் படுக்க ஒப்புக்கொள்ள வைத்தாள். "ஆறு ஏன் வீட்டுக்குள்ள வந்துச்சு?" என்று ஒருத்தி கேட்டதற்கு மட்டும் பேனா நின்றது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லக்கூடாதே. "எனக்கும் தெரியலை, கேட்டுச் சொல்றேன்" என்று எழுதினாள். ஆலோசகர் வந்தபோது கேட்டாள். அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மணலைக் குவித்து, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். பிறகு இரண்டு நாள் பிள்ளைகள் அத்தனை பேரும் மணலில் அணை கட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குத் திக்கும் இடத்தில் எல்லாம் இவள் எடுத்துக் கொடுப்பாள். "அவன் சொல்ல வர்றது என்னன்னா, பெரியம்மா..." என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாதாடுவாள். முகாமே அவளை வக்கீல் என்று கூப்பிட ஆரம்பித்தது. அடுத்தவர்களுக்காக முப்பது புகார் கொடுத்திருப்பாள். தனக்கென்று ஒன்றுகூடக் கொடுத்ததில்லை. அவள் அம்மா தையல்காரி. மெஷின் ஆற்றோடு போய்விட்டது. அப்பா கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில். அவரைப் பார்க்கப் போகலாம் என்று அம்மா கூப்பிடும்போதெல்லாம் வக்கீலுக்கு வயிற்று வலி வரும்.

மூன்றாவது வாரம் ஆலோசகர் அந்த நோட்டை வாங்கி முழுக்கப் படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து எட்டுப் புகார்களின் கீழே கோடு போட்டார். வயிறு வலி. பாயை நனைத்துவிட்டான். ஒளிந்துகொண்டாள். சாப்பாடு வேண்டாம் என்கிறான்.

"எல்லாத்துக்கும் நீங்க மணி போட்டிருக்கீங்க அக்கா" என்றார். "எல்லாமே பன்னிரண்டரை. பன்னிரண்டரைக்கு இங்க என்ன நடக்குது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பதில் தானாக வந்தது.

"அனைவரும் கவனிக்கவும்! அனைவரும் கவனிக்கவும்!"

முகாம் அதிகாரியின் மெகாஃபோன். அவருக்கு அது மூன்றாவது கை. சாப்பாடு வந்தால் அறிவிப்பு, தண்ணீர் லாரி வந்தால் அறிவிப்பு, அறிவிப்பு ஒன்றும் இல்லை என்றால் அதற்கும் ஓர் அறிவிப்பு. முன்பல் இரண்டும் விழுந்த ஐந்து வயதுப் பையன் ஒருவன் நடுவர் நாற்காலியின் காலைக் கட்டிக்கொண்டு முகத்தை இரும்பில் புதைத்திருந்தான். இத்தனை நாள் அவள் அதை விளையாட்டு என்று நினைத்திருந்தாள். ஆற்றின் கரை உடைந்த காலையில் ஒரு வண்டி தெருத் தெருவாக இப்படித்தான் கத்திக்கொண்டு போயிருக்கிறது. அதுவும் "அனைவரும் கவனிக்கவும்" என்றுதான் ஆரம்பித்தது என்றாள் அவன் அம்மா.

அவள் நேராக அதிகாரியிடம் போனாள். "சார், பசங்க பயப்படுறாங்க. அது இல்லாம கூப்பிட முடியாதா?"

அவர் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தவளிடம் மெகாஃபோனிலேயே பதில் சொன்னார். "அதெல்லாம் விதிமுறைம்மா!"

மறுநாள் மெகாஃபோன் ஊமையாகிவிட்டது. அதிகாரி அதைத் தட்டினார், குலுக்கினார், ஊதிப் பார்த்தார். உள்ளே பேட்டரி இல்லை. புதிதாக ஆறு பேட்டரி வரவழைத்துப் போட்டார். அடுத்த நாள் அவையும் மாயம். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அலைந்தார். பெரியம்மாவின் முகத்திலோ பால் வடிந்தது. நான்காம் நாள், அரங்கத்தின் பின்வாசலில் பிள்ளைகள் பந்தை உருட்டி எதையோ விழத்தட்டிக் கூச்சல் போடுவதை எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு தடி பேட்டரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

"இதை யார் குடுத்தது?"

பிள்ளைகள் யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. ஐந்து வயதுக்காரன் மட்டும், பல் இல்லாத வாயால் பெருமையாக, "எங்க பெரியம்மா!" என்றான்.

அதிகாரி குதித்த குதியில் தூசி கிளம்பியது. அதைவிட அவளைச் சுட்டது ஆலோசகர் சொன்னதுதான். அவர் கத்தவில்லை, தனியாகக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, பசங்க பார்க்கப் பார்க்கத் திருடியிருக்கீங்க. நாளைக்கு அவங்க எதுக்காவது பயந்தா என்ன செய்வாங்க? அதைச் சொல்லித் தீர்த்துக்கலாம்னு நினைப்பாங்களா, யாராவது ஒளிச்சு வைப்பாங்கன்னு காத்திருப்பாங்களா?"

காது மடல் சிவந்தது அவளுக்கு. இருபத்திரண்டு வருடம் யார் யாரோ செய்த தப்புக்கு ஊர் அவளைத் திட்டியிருக்கிறது. தான் செய்த தப்புக்குத் திட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை. அது வேறு மாதிரி வலித்தது. "இப்ப என்ன மேடம் செய்யறது?" என்றாள்.

"உங்க நோட்டு இருக்கே. அதை விட்டுட்டு ஏன் பேட்டரிக்குப் போனீங்க?"

நாற்பத்தொன்றாம் புகார் முறைப்படி எழுதப்பட்டது. முகாம் அதிகாரி நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்று கடிதம் போனது. பாட்டில் மூடியை மையில் தோய்த்து முத்திரையும் குத்தியிருந்தார்கள். அவர் வர மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முத்திரை போட்ட கடிதத்தைப் பார்த்தால் மீற முடியாத ஜாதி அவர். வந்தார். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியைக் காட்டினார்கள். முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார்.

வக்கீல் எழுந்தாள். யார் யாருக்கு வயிறு வலிக்கிறது, யார் எங்கே ஒளிகிறார்கள் என்று பெயர் சொல்லாமல் வரிசையாக வைத்தாள்.

"நான் சாப்பாட்டுக்குத்தானேம்மா கூப்பிடுறேன்?" என்றார் அதிகாரி. குரல் இறங்கியிருந்தது. "நல்லதுக்குத்தானே?"

"அன்னிக்கும் ஒருத்தர் நல்லதுக்குத்தான் சார் கூப்பிட்டாரு" என்றாள் வக்கீல்.

அதிகாரி மெகாஃபோனின் வாயைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் தரையில் வைத்தார். "எனக்கு இது தோணலை" என்றார்.

அப்போது ஆலோசகர் ஒரு வழி சொன்னார். அதை ஒழித்துக்கட்ட வேண்டாம்; தினம் ஒரு பிள்ளை அதில் பேசட்டும். வேண்டாம் என்கிற பிள்ளை தூர நின்று கேட்கட்டும், அதுவும் வேண்டாம் என்றால் வெளியே பந்து விளையாடட்டும். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். முதல் இரண்டு நாள் பெரிய பிள்ளைகள் பேசினார்கள். மூன்றாம் நாள் ஐந்து வயதுக்காரன் நாற்காலிக் காலை விட்டுவிட்டு வந்தான். அதிகாரி பிடித்துக்கொள்ள, இவன் வாயை வைத்தான்.

"சாப்பாடு வந்துடுச்சு. எல்லாரும் மெதுவா வாங்க. எங்க அம்மா மட்டும் சீக்கிரம் வாங்க."

அரங்கமே சிரித்தது. அவன் தன் குரல் சுவரில் இடித்துத் திரும்பி வருவதைக் கேட்டு வாயைப் பிளந்தான். அடுத்த வாரம் நோட்டில் வயிற்று வலி பாதியாகக் குறைந்தது. ஐம்பத்தெட்டாம் புகாரைக் கொடுத்தவர் அதிகாரி. பிள்ளைகள் மெகாஃபோனைத் திருப்பிக் கொடுப்பதே இல்லையாம். அவருக்கும் உள்ளங்கையில் நம்பர் எழுதிக் கொடுத்தாள் பெரியம்மா.

பள்ளிக்கூடம் சீக்கிரம் திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட நாளில் வக்கீல் வந்தாள். வரிசை கலைந்து, பாயைச் சுருட்டும் நேரம்.

"பெரியம்மா, ஒரு ஃப்ரெண்டுக்காக."

"சொல்லு. யார் மேல புகார்?"

"அந்த ஃப்ரெண்டு மேலேயே."

பெரியம்மா பேனாவை எடுத்தாள். "எப்பலேருந்து?"

"மழை ஆரம்பிச்ச திங்கட்கிழமையிலேருந்து." வக்கீல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வியாழக்கிழமை கணக்குப் பரீட்சை. அவ ஒண்ணுமே படிக்கலை. மழை வரணும், ஸ்கூல் லீவு விடணும்னு மூணு தடவை வேண்டிக்கிட்டா. சும்மா இல்லை, கண்ணை மூடிக்கிட்டு. வந்துடுச்சு. அவ அப்பாவுக்குக் கால் ஒடிஞ்சிடுச்சு. அம்மாவோட மெஷின் போயிடுச்சு."

அட பைத்தியமே, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லப் பெரியம்மாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டாள். ஒன்றுமில்லை என்றால் போய்விடுகிற சங்கதியாக அது தெரியவில்லை. ஐந்து வாரமாக இந்தப் பெண் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாதாடிவிட்டுத் தன்மேல் மட்டும் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறாள். பெரியம்மா நிதானமாக எழுதினாள்.

"எழுதிக்கிட்டேன். எழுபத்து மூணு. வந்து சொன்னது நல்லதுன்னு உன் ஃப்ரெண்டுகிட்ட சொல்லு. நாளைக்குப் பதில்."

வேறொரு முகாமுக்குப் போயிருந்த ஆலோசகருக்கு உடனே ஃபோன் போட்டாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க என்ன சொல்லலாம்னு இருக்கீங்க?" என்றார். அவள் தன் புகார்ப் பிரிவில் நடந்த ஒன்றைச் சொன்னாள்.

"அது நிஜமாவே நடந்ததா?"

"சத்தியமா மேடம். எத்தனையோ தடவை."

"அப்போ அதையே சொல்லுங்க. அவ பேரு வெளிய வரக்கூடாது. உடனே நம்பணும்னு எதிர்பார்க்காதீங்க."

மறுநாள் காலை பிள்ளைகளை உட்கார வைத்தாள். "ஒரு விசாரணை. வெள்ளத்துக்கு முன்னாடி, மழை வரணும்னு யார் யாரு வேண்டிக்கிட்டீங்க? தண்டனை கிடையாது. உண்மையைச் சொன்னா போதும்."

பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். முதலில் கை தூக்கினவன் ஐந்து வயதுக்காரன். அவனுக்குக் காகிதக் கப்பல் விட வேண்டியிருந்தது. பிறகு ஒரு கை. அப்புறம் இரண்டு. ஒருவனுக்கு வீட்டுப்பாடம், ஒருத்திக்கு அத்தை வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, பாக்கி அத்தனை பேருக்கும் கணக்குப் பரீட்சை. வக்கீலின் கையும், ஏதோ பொதுவாகத் தூக்குகிற மாதிரி, எழுந்தது. பெரியம்மா எண்ணினாள். இருபத்திரண்டு.

பின்னால் ஒரு தொண்டைச் செருமல். அதிகாரி. "எனக்கு அந்த வெள்ளிக்கிழமை ஆய்வுக் கூட்டம் இருந்துச்சு" என்றார். "ஃபைல் ஒண்ணும் தயாரா இல்லை." அவர் கை தோள்வரைதான் எழுந்தது. இருபத்து மூன்று.

அப்போது ஒருவன் எழுந்தான். வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவன். "நான் மழை வரவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். நான் ஃபுல்லா படிச்சிருந்தேன்."

நாற்பத்தாறு கண்கள் அவனைச் சுட்டன. வக்கீல் விடுவாளா? "அப்போ நீ வேண்டினது ஏன் நடக்கலை?"

"எனக்கெப்படித் தெரியும்?"

வக்கீல் மேலே கேட்க வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். புருவம் சுருங்கியது.

பெரியம்மா நோட்டைப் பிரித்தாள். "எழுபத்து மூணுக்குப் பதில். நான் கரண்ட் ஆபீஸ்ல இருந்தப்போ, காத்தடிச்சு லைன் போச்சுன்னா ஒரே நேரத்துல நாப்பது ஃபோன் வரும். ஒரு அம்மா அழுவாங்க: நான் மிக்ஸி போட்டேன், தெரு பூரா போயிடுச்சு, என்னாலதானா? ஒரு தாத்தா சொல்லுவாரு: நான் ஃபேனை அஞ்சுல வச்சேன், தப்பு என்னுதுதான். நாப்பது பேரும் அவங்கவங்க சுவிட்சைத்தான் சொல்லுவாங்க. நானும் எழுதிக்குவேன். அப்புறம் லைன்மேன் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுவாரு: மரக்கிளை முறிஞ்சு கம்பி மேல விழுந்திருக்கு. அவ்வளவுதான். அந்தக் கிளைக்கு இவங்க யாரையும் தெரியாது."

வக்கீல் கேட்டாள்: "அந்த அம்மாகிட்ட நீங்க சொன்னீங்களா?"

"ஒவ்வொருத்தருக்கும் திருப்பி ஃபோன் பண்ணிச் சொன்னேன். பாதிப் பேர் உடனே நம்பலை. மிக்ஸியை மாத்தினவங்களும் உண்டு."

சாயங்காலம் வக்கீல் அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டாள். இரண்டு தடவை படித்தாள். "ஃப்ரெண்டுகிட்ட குடுத்துடறேன்" என்றாள். மூன்று நாள் கழித்து அவள் அம்மா வந்து, ஆச்சரியம் தாங்காமல் சொன்னாள்: "அக்கா, அவளே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு கேக்குறா!"

போனாள். அப்பாவின் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டு பாதி நாள் நின்றாளாம். கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அப்பாவுக்கு முகம் போன போக்கு சரியில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரைக் காப்பாற்றத் திரும்பி ஓடியபோது விழுந்ததாகத்தான் அவர் வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நர்ஸ்களிடம் அதற்குத் தனி மரியாதை. இப்போது மகளுக்காக அதை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. குரலைத் தாழ்த்தி, "நான் திரும்பி ஓடினது செல்ஃபோன் சார்ஜரை எடுக்கம்மா. வாசப்படியில வழுக்கி விழுந்துட்டேன். மழையும் தள்ளலை, நீயும் தள்ளலை" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் காதில் விழுந்து, அரைமணியில் வார்டே சிரித்தது.

முகாமுக்கு வந்ததும் வராததுமாக வக்கீல் பெரியம்மா முன்னால் நின்றாள்.

"புகார். என் பேருலேயே போடுங்க. எங்க அப்பா பொய் சொன்னாரு."

"எப்பலேருந்து?"

"ஆறு வாரமா! நான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டேன் பெரியம்மா!"

கோபத்தில் அழுதாள். பெரியம்மா அழாதே என்று சொல்லவில்லை. பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். விளக்கம் கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போனது. அப்பா மன்னிப்புக் கேட்டு எழுதிய பதிலில் மூன்று எழுத்துப்பிழை இருந்ததை வக்கீல் திருத்தித் திருப்பி அனுப்பினாள்.

ஒன்பதாவது வாரம் முகாம் கலைந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தக் கணக்குப் பரீட்சையை வைத்தே தீர்த்தார்கள். அன்று காலை, சும்மா சோதித்துப் பார்க்க, வக்கீல் மறுபடி கண்ணை மூடி மூன்று தடவை மழையைக் கேட்டாளாம். வெயில் மண்டையைப் பிளந்ததாம். நூற்றுக்கு நாற்பத்தொன்று.

பெரியம்மா இப்போது வேறோர் ஊரில், தீ விபத்துக்குப் பிறகு போட்ட கூடாரப் பள்ளியில் இருக்கிறாள். வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார். வீட்டில் நிசப்தம் தாங்கவில்லை என்கிறார். அங்கே போன வாரம் ஒரு குட்டிப் பெண் அவளைக் கேட்டாள்: "பெரியம்மா, நாங்க உங்ககிட்ட சொல்றோம். நீங்க யாருகிட்ட சொல்லுவீங்க?"

அவள் ஆலோசகரின் பெயரைச் சொன்னாள். வாரம் ஒருமுறை இருவரும் ஒரு மணி நேரம் ஃபோனில் பேச வேண்டும் என்பது வேலையில் ஒரு விதி. முதல் அரைமணி பிள்ளைகளைப் பற்றி. மிச்ச அரைமணி, இருவரும் மாறி மாறித் தலைமை அலுவலகத்தைக் கரித்துக் கொட்டுவார்கள். அந்த அரைமணியை யாரும் எழுதிக்கொள்வதில்லை.